செக்கு எண்ணெய்க்கு மாறினால் மாதச் செலவு தாங்குமா?

மதுரைவாசி:
வீட்டில் நான்கு பேர். மாதம் ஐந்து லிட்டர் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் காலியாகிறது. மாமனாருக்கு சுகர், இப்போது வீட்டுக்காரருக்கும் கொலஸ்ட்ரால். மரச்செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறலாம் என்று விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது, அதே ஐந்து லிட்டர் வாங்கினால் மளிகைக் கணக்கு எங்கேயோ போய்விடும். தெருவுக்குத் தெரு செக்குக் கடை வேறு முளைத்திருக்கிறது, எதை நம்புவது? மாறியவர்கள் சொல்லுங்கள்.

கொங்குத்தம்பி:
அக்கா, எங்கள் வீட்டுத் தொழிலே செக்குதான். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகாலிலிருந்து இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். உங்கள் ஊர் பருப்பு விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்த பிறகும் கணக்குக்கு ரொம்பக் கீழே ஒருவர் விற்றால், கலப்படமோ என்று சந்தேகப்படுங்கள். அதைவிட முக்கியம் பருப்பு. பூஞ்சை பிடித்த, கறுத்துச் சுருங்கிய பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம், கல்லீரலுக்கு ஆகவே ஆகாது. ரீஃபைண்ட் பண்ணும்போது அது பெரும்பாலும் போய்விடும், செக்கில் போகாது. அதனால் ஆட்டும் நேரத்துக்கே போய், மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். சொத்தையும் சிக்கு வாடையும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சமையற்கட்டு:
தோழி, எனக்கு அந்த ஐந்து லிட்டர்தான் உறுத்துகிறது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்றுதான் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வார்கள், அப்படியானால் உங்களுக்கு இரண்டு லிட்டர். செக்கோ ரீஃபைண்டோ, ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று தாராளமாக ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது. கேனிலிருந்து அப்படியே சட்டியில் சாய்க்காதீர்கள், ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். கடலை எண்ணெயில் தாளித்தால் கொஞ்சத்துக்கே வாசனை தூக்கும், குறைத்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. அப்பளத்தைத் தணலில் சுடுங்கள், பூரிக்குப் பதில் சப்பாத்தி. அப்புறம், எண்ணெயை மாற்றிவிட்டோம் என்று வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

மதுரைவாசி:
இரண்டு லிட்டர் என்றால் செலவு ஏறக்குறைய பழைய கணக்குக்கே வந்துவிடும் போலிருக்கிறதே! தம்பி, நல்லெண்ணெயும் உங்களைப் போன்றவர்களிடமே வாங்கலாமா? மொத்தமாக வாங்கி வைத்தால் கெடுமா?

கொங்குத்தம்பி:
வாங்கலாம் அக்கா. எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவோம், சில இடங்களில் செலவைக் குறைக்கக் கரும்பாலைக் கழிவுப்பாகு ஊற்றுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். மொத்தமாக வேண்டாம், வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். அந்தந்த மாதத்துக்கு வாங்கி, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். அடியில் கொஞ்சம் மண்டி தங்கினால் பயப்பட வேண்டாம், வடிகட்டாத எண்ணெயில் அது இருக்கும்.