மறு: ‘வினைபுரி ஆக்சிஜன் இனங்கள்’ – வேறு சொல் உண்டா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தமிழ்வழியில் இளநிலை உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கான பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்து சங்கிலியில், முக்கியமாக முதலாம், மூன்றாம் புரதக் கூட்டமைப்புகளில், சில எலக்ட்ரான்கள் நழுவி ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகின்றன. சூப்பராக்சைடு பிறக்கிறது. டிஸ்மியூட்டேஸ் நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. இது வெளியே பரவி, சில புரதங்களில் உள்ள சிஸ்டீனின் கந்தகத்தைத் தொட்டு அவற்றின் செயலை மாற்றுகிறது. செல்லுக்கு அது ஒரு செய்தி. சூப்பராக்சைடு, பெராக்சைடு போன்ற இந்தக் கூட்டம் முழுவதற்கும் (ஆங்கிலத்தில் reactive oxygen species) ஒரு பெயர் வேண்டும். ‘வினைபுரி ஆக்சிஜன் இனங்கள்’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். ‘இனம்’ என்றதும் பிள்ளைகள் புலி, சிங்கம் என்று போய்விடுகிறார்கள். உதவுங்கள்.

– திருச்சியிலிருந்து

——

ஐயா,

ஆக்சிஜனை அப்படியே வைத்துக்கொண்டு அடைமொழி மட்டும் தேடினால் எப்படி? என் பரிந்துரை: தாக்குவளி. ஐந்தே எழுத்து. வினைத்தொகை, தாக்கிய வளி, தாக்குகின்ற வளி, தாக்கும் வளி என முக்காலமும் அடக்கம்.

வளி வெறும் காற்றன்று. புறநானூற்று 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்று விளிக்கிறார். காற்றை ஏவல்கொண்டு நாவாய் ஓட்டியவனின் வழித்தோன்றல்! செல்லும் வளியின் தொழிலைத்தானே ஆள்கிறது? இலங்கையார் செல்லைக் ‘கலம்’ என்கிறார்கள். மரக்கலமும் கலம். இது தற்செயலா என்று அறிஞர்கள் ஆராய வேண்டும்.

– தஞ்சையிலிருந்து

——

> இது தற்செயலா

தற்செயல்தான், ஐயா. எங்கள் கலம் பாத்திரம், பாய்மரம் கிடையாது.

ஆனால் ‘தாக்கு’ என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. உங்களுக்கு வேதிவினை, எங்களுக்கு இரசாயனத் தாக்கம். உங்கள் மாணவருக்குத் ‘தாக்குவளி’ என்றால் அடிக்க வருகிற வளி. எங்கள் மாணவருக்கு அது எளிதில் தாக்கமடைகிற வளி. அப்படிப் பார்த்தால் குளோரீனும் தாக்குவளிதான். ஒட்சிசன் (உங்கள் ஆக்சிஜன்) எங்கே போனது?

இன்னொன்று. மைட்டோகாண்ட்ரியாவுக்கு எங்களிடம் ‘இழைமணி’ இருக்கிறது. 1898இல் கார்ல் பெண்டா கிரேக்கத்திலிருந்து எடுத்ததும் இழையும் மணியும்தான். அதையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா?

– யாழ்ப்பாணத்திலிருந்து

——

வணக்கம். இருபது மடலாகப் பொறுமையாகப் படித்துவிட்டேன், இனி முடியாது.

> தாக்கிய வளி, தாக்குகின்ற வளி, தாக்கும் வளி

பெராக்சைடு செல்லுக்குள் நீரில் கரைந்து கிடப்பது, வளி அன்று. தாக்குவது என்றால் இந்தக் கூட்டத்திலேயே ஹைட்ராக்சில் தனி உறுப்புதான் (இணைசேராத எலக்ட்ரான் கொண்டது, free radical) உண்மையில் தாக்குகிறது. பிறந்த இடத்திலேயே கண்ணில் பட்டதோடு வினைபுரிந்து முடிந்துவிடும். அதனால் அது தூது போக லாயக்கில்லை. பெராக்சைடு சாது. மின்சுமை இல்லை, சற்றுத் தொலைவு போகும், பொறுக்கி எடுத்த சில கந்தகங்களை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்யும், அந்த மாற்றத்தைப் பிறகு திருப்பியும் விடலாம். தூதனுக்கு வேண்டிய குணம் இதுதானே?

1956இல் டென்ஹாம் ஹார்மன் தனி உறுப்புகளே முதுமைக்குக் காரணம் என்றார். அன்று முதல் இவற்றுக்குக் கெட்ட பெயர். பிறகு கதை மாறியது. ஆக்சிஜன் குறைகிறபோது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளிப்படும் இவையே செல்லை மூச்சுமுட்டலுக்குத் தயார்செய்கின்றன என்று 1998இல் சிகாகோ ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2009இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு இன்னும் சுவையானது. இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் மாத்திரையாகக் கொடுத்தார்கள். இரண்டும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. மாத்திரை விழுங்காதவர்களின் உடல் இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாக இணங்கியது. விழுங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. தசைக்குப் போக வேண்டிய செய்தியை மாத்திரை வழியிலேயே மறித்துவிட்டது என்பது அவர்கள் விளக்கம்.

இத்தனைக்கும் பிறகு ‘தாக்கு’ என்று பெயரிட்டால், மாணவன் பாடத்தைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவான். ‘வினைமிகு ஆக்சிஜன் கூறுகள்’ என்று போடுங்கள். அயனி, தனி உறுப்பு, மூலக்கூறு மூன்றுக்கும் ‘கூறு’ பொருந்தும். அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

– சென்னையிலிருந்து

——

சென்னை அம்மையார் கவனிக்க: ‘வினைமிகு’ என்றால் என் காதில் இருவினையும் மும்மலமும்தான் கேட்கின்றன. சைவ சித்தாந்த வகுப்பில் செல்லும். வேதியியல் வகுப்பில் செல்லாது. ஆக்சிஜனுக்காவது ‘உயிர்வளி’ என்று எழுதுங்கள்.

– தஞ்சை

——

உயிர்வளி என்று எழுதிவிட்டு ‘உயிர்வளியேற்ற எதிர்ப்பொருள்’ (antioxidant) என்று அந்த வைட்டமின் மாத்திரைக்குப் பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்? என் வாக்கு ‘வினைமிகு ஆக்சிஜன் கூறுகள்’. இன்னும் மூவர் தனிமடலில் அதையே சொன்னார்கள். குழுவில் எழுத அவர்களுக்குத் தயக்கம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

– கோவை

——

அனைவருக்கும் நன்றி. ‘வினைமிகு ஆக்சிஜன் கூறுகள்’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘இழைமணி’யையும் சேர்த்து எழுதுகிறேன். செய்தி கடத்தலுக்குச் ‘சமிக்ஞை’ போதும் என்று விட்டுவிட்டேன்.

– திருச்சி

——

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஒரு ஐயம் மட்டும்: ஹைட்ரஜன் பெராக்சைடு எப்படி ஒட்சிசனின் கூறு ஆகும்? ஒட்சிசன் அல்லவா அதன் கூறு?

– யாழ்ப்பாணம்

——

அப்படிக் கேளுங்கள்! ‘தாக்குவளி’யை என் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘சமிக்ஞை’ வடசொல், ‘குறிகை’ இருக்க அது எதற்கு? விரிவாக நாளை எழுதுகிறேன்.

– தஞ்சை