புது லைன் போட்டதிலிருந்து மெயில் வெளியே போகவில்லை, அவசரம்

எஸ்டேட்_சிஸ்டம்ஸ்:
அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன கம்பெனி, பன்னிரண்டு சிஸ்டம், சொந்த மெயில் சர்வர். சனிக்கிழமை இன்டர்நெட் லைனை மாற்றினோம், அதிலிருந்து வெளியே மெயில் போவதில்லை. ஆபீசுக்குள் அனுப்பினால் போகிறது, வெளியிலிருந்து வருவதும் வருகிறது. டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் பதிவேடு) எல்லாம் மாற்றிவிட்டேன். மதியத்துக்குள் ஒரு கொட்டேஷன் போயாக வேண்டும், முதலாளி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். யாராவது உடனே சொல்லுங்கள்.

வடபழனி_வயர்:
மெயில் வெளியே போகும் வழியான போர்ட் 25-ஐ லைன்காரர்கள் அடைத்திருப்பார்கள். எனக்கு மூன்று இடத்தில் இப்படித்தான் ஆனது. போன் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

தரமணி_அட்மின்:
எல்லாம் என்றால் எதை மாற்றினீர்கள் சார்? பெயருக்கு ஐபி சொல்லும் ஏ ரெக்கார்டா, மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்கிற எம்எக்ஸா, உங்கள் பெயரில் எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்கிற எஸ்பிஎஃப்பா? மெயில் க்யூவிலேயே நிற்கிறதா, திரும்பி வருகிறதா? வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது? மாறாத ஸ்டேட்டிக் ஐபிதானே? ரவுட்டரில் 100.64 என்று தொடங்கும் முகவரி இருந்தால் அது உங்களுக்கென்று தனியாகக் கொடுத்த ஐபி இல்லை, பலருக்கும் பொதுவானது.

கிண்டி_கேபிள்:
டிடிஎல் (பழைய விவரத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற கணக்கு) 86400 விநாடி என்று வைத்திருப்பீர்கள், பழைய விவரம் ஒரு நாள் முழுக்க ஆங்காங்கே தங்கும். பொறுங்கள், தானாகச் சரியாகும்.

பழைய_மோடம்:
தம்பி, பிழைச் செய்தியைப் போடாமல் உதவி கேட்பது காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லாமல் மருந்து கேட்கிற மாதிரி. இங்கே வாரம் ஒருவர் இப்படி வருகிறார். மெயில் சர்வர் வைக்கிறவருக்கு லாக் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அது அடிப்படை.

எஸ்டேட்_சிஸ்டம்ஸ்:
மன்னிக்கவும் சார். ஸ்டேட்டிக் ஐபிதான். ஜிமெயிலிலிருந்து 550 5.7.25 என்று திரும்பி வருகிறது, ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் ரெக்கார்டு இல்லையாம். டொமைன் பேனலிலேயே பிடிஆர் சேர்த்துவிட்டேன், அப்படியும் அதே செய்திதான்.

தரமணி_அட்மின்:
அப்படியென்றால் போர்ட் 25 திறந்துதான் இருக்கிறது, அடைத்திருந்தால் கூகுளிடமிருந்து இந்தப் பதிலே வந்திருக்காது. பிடிஆரை நீங்கள் டொமைன் பேனலில் போட்டுப் பயனில்லை. பெயரிலிருந்து ஐபிக்குப் போகும் வழி உங்கள் கையில், ஐபியிலிருந்து பெயருக்கு வரும் வழி ஐபி கொடுத்தவர் கையில். லைன்காரருக்கு எழுதி, உங்கள் ஐபிக்கு மெயில் சர்வரின் முழுப்பெயரைப் போடச் சொல்லுங்கள். அந்தப் பெயரைத் தேடினால் அதே ஐபி திரும்பக் கிடைக்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் தேடிப் பார்க்கும் டிக் கமாண்டில் மைனஸ் எக்ஸ் (dig -x) கொடுத்து ஐபியைப் போட்டுப் பாருங்கள், வெறுமையாக வந்தால் இன்னும் போடவில்லை. கொட்டேஷனை இப்போதைக்கு வேறு கணக்கிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

வடபழனி_வயர்:
பன்னிரண்டு பேருக்குச் சொந்த சர்வர் எதற்கு? 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஆபீஸில் மேசைக்கடியில் இருந்த சர்வர் மூழ்கியது. நான்தான் தூக்கி வந்தேன், மூடியைத் திறந்தால் ஃபேன் இறக்கை முழுக்கச் சேறு. கிளவுடுக்குப் போங்கள்.

பழைய_மோடம்:
தரையில் வைத்தது அவர்கள் தப்பு. அனுப்புகிற சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், அதற்குள் வேறு பெட்டியில் மெயில் சர்வரை எழுப்பிவிட்டால் வர வேண்டிய மெயில் வந்துவிடும். வாடகை கட்டுவதை நிறுத்தினால் கிளவுடில் கணக்கே போய்விடும், அதை யாரும் சொல்வதில்லை.

வடபழனி_வயர்:
வர வேண்டியது வரும், பெட்டிக்குள் இருந்த பழைய மெயில்? அவர்களுக்கு ஆறு வருஷ மெயில் போனது.

கிண்டி_கேபிள்:
அது பேக்கப் எடுக்காத கதை. இரண்டு பேரும் தனி இழை போடுங்களேன்.

எஸ்டேட்_சிஸ்டம்ஸ்:
லைன்காரர்கள் பிடிஆர் போட்டுவிட்டார்கள், டிக்கில் பெயர் வருகிறது. இப்போது 5.7.26 வருகிறது, அனுப்புகிறவர் யாரென்று உறுதியாகவில்லையாம். எஸ்பிஎஃப்பில் புது ஐபி இருக்கிறதே?

தரமணி_அட்மின்:
பழைய வரியைத் திருத்தினீர்களா, புதிதாக இன்னொன்று சேர்த்தீர்களா? ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் எதையும் எடுத்துக்கொள்ளாமல் பிழை என்று முடித்துவிடும், 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7208 என்ற விதி ஆவணத்திலேயே இருக்கிறது. மெயிலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிகேஐஎம் இருக்கிறதா? எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது தேறாவிட்டால் 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எடுப்பதில்லை, சின்ன கம்பெனிக்கும் இதுதான்.

எஸ்டேட்_சிஸ்டம்ஸ்:
இரண்டு வரி இருந்தது. பழையதை எடுத்துவிட்டேன், போகிறது. ரொம்ப நன்றி சார்.

தரமணி_அட்மின்:
நல்லது. டிகேஐஎம்மையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். அப்புறம் பேனலில் நீங்கள் சேர்த்த அந்த பிடிஆர் வரியை எடுத்துவிட்டீர்களா?

கிண்டி_கேபிள்:
கொட்டேஷன் மதியத்துக்குள் போனதா?