மினியாபொலிஸ் வீட்டுப் பத்திரத்தில் இனத்தடை வாசகம்: எப்படி நீக்குவது?

தெற்குமினியாபொலிஸ்:
இனத்தடை எழுதப்பட்ட மனைகளைக் காட்டும் மேப்பிங் ப்ரெஜுடிஸ் வரைபடத்தில் எங்கள் மனையும் இருக்கிறது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று 1920களின் பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள். இன்று அது செல்லாது என்று தெரியும். இருந்தாலும் என் வீட்டுப் பத்திரத்தில் அது கிடக்க வேண்டாம். என்ன செய்ய வேண்டும்? வக்கீல் வைக்க வேண்டுமா? செய்தால் ஏதாவது மாறுமா?

பத்திரப்பெட்டி:
அழிக்க முடியாது, விடுவிக்கலாம். மினசோட்டா மாநிலத்தின் 2019 சட்டப்படி, அந்த நிபந்தனையிலிருந்து மனையை விடுவிக்கும் படிவம் ஒன்றை வீட்டு உரிமையாளர் பதிவு செய்யலாம். பழைய ஆவணம் அப்படியே இருக்கும், உங்கள் மறுப்பும் பதிவில் ஏறிவிடும். இதுதான் சரி என்பேன். ஏட்டைக் கிழித்துவிட்டால், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல நாளைக்கு ஆள் வரும்.

முதலில் அந்தப் பழைய பத்திரத்தின் ஆவண எண்ணையும் தேதியையும் எடுங்கள். பிறகு மனை விவரம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தெரு முகவரி போதாது. லாட் (மனை எண்), பிளாக் (மனைத் தொகுதி எண்), அடிஷன் (மனைப்பிரிவு) பெயர் மூன்றும் வேண்டும். வரி ரசீதில் இதைச் சுருக்கிப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் கிரயப் பத்திரத்தில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். உங்கள் பெயரும் அதில் உள்ளபடியே இருக்கட்டும். கையெழுத்தை நோட்டரி முன்னால்தான் போட வேண்டும், வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகக் கூடாது.

உங்கள் சொத்து அப்ஸ்ட்ராக்டா (உரிமையைப் பழைய பத்திரங்களின் தொடர் காட்டுவது) டாரன்ஸா (அரசு தரும் சான்றிதழ் காட்டுவது) என்றும் பாருங்கள். டாரன்ஸ் என்றால் உரிமைச் சான்றிதழ் எண்ணும் தேவை, பதியும் பிரிவும் வேறு. இதெல்லாம் தலைவலி என்றால் ஜஸ்ட் டீட்ஸ் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். தன்னார்வ வழக்கறிஞர்கள் இலவசமாகச் செய்து தருவார்கள்.

வில்லங்கம்பார்:
பதியும் முன் அந்தப் பத்திரத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இன்ன விலைக்குக் குறைவாக வீடு கட்டக் கூடாது, தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்று போகும் வரிகளோடு வரியாக மனிதர்களையும் விலக்கியிருப்பார்கள். மினியாபொலிஸில் தெரியவந்த முதல் பத்திரம் 1910-ஐச் சேர்ந்தது. சீனர், ஜப்பானியர், மூர், துருக்கியர், நீக்ரோ, மங்கோலியர், ஆப்பிரிக்கர் என்று பட்டியலே போட்டிருக்கிறது. அதில் இந்தியர் இல்லையே என்று நினைக்க வேண்டாம். 'காகசியன் மட்டும்' என்று எழுதிய பத்திரங்களும் உண்டு. இந்தியர் 'வெள்ளையர்' ஆக மாட்டார் என்று, குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் 1923-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1948-ல் ஷெல்லி எதிர் க்ரேமர் தீர்ப்பு, இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. எழுதுவதையே அது தடுக்கவில்லை. புதிதாக எழுதுவதை மினசோட்டா தடை செய்தது 1953-ல்தான்.

கொலம்பஸ்அவென்யூ:
மாறுமா என்று கேட்டீர்கள். ஒரு படிவத்தால் யாருக்கும் வீடு கிடைக்காது. நகரத்தில் இப்படிப்பட்ட மனைகள் 8,000க்கும் மேல். அன்று வாங்க முடியாதவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொத்து வந்து சேரவே இல்லை.

46-வது தெரு, கொலம்பஸ் அவென்யூ முனையில் உள்ள வீட்டைப் போய்ப் பாருங்கள். 1931-ல் தபால் ஊழியரும் முதல் உலகப் போர் வீரருமான கறுப்பினத்தவர் ஆர்தர் லீ குடும்பத்தோடு அங்கே குடிவந்தார். அவர்களை விரட்ட ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. வழக்கறிஞர் லீனா ஆலிவ் ஸ்மித் அவர்களுக்குத் துணை நின்றார். 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட 38-வது தெரு அங்கிருந்து எட்டுத் தெரு வடக்கே.

அதனால் உங்கள் பிளாக்கில் இனத்தடை உள்ள மனைகள் எத்தனை என்று வரைபடத்தில் எண்ணுங்கள். பக்கத்து வீட்டாருக்கு அவரவர் ஆவண எண்ணை எழுதிக் கொடுங்கள், நோட்டரியை ஒரே நாளில் எல்லோருக்குமாக வரவழையுங்கள். எங்கே என்ன கட்டலாம் என்று நகரம் முடிவு செய்யும் மண்டலமாக்கல் விசாரணைக்கும் அந்தக் கணக்கைக் கொண்டுபோங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் என்றிருந்த மனைகளில் மூன்று வீடு வரை அனுமதித்த நகரத்தின் 2040 திட்டம் 2018-ல் நிறைவேறியபோது, இந்தப் பத்திர வரலாறும் வாதத்தில் இருந்தது. பேசச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். உங்கள் பத்திரத்தின் அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு, பிளாக்கில் இத்தனை மனை என்று எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.