மறு: ஃபட்ஜ் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஃபட்ஜ் என்கிற மேல்நாட்டு இனிப்புக்கு இதுவரை பாற்கட்டி, இன்கட்டி, சாக்லேட் பர்பி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. பாற்கட்டியைச் சீஸுக்கு எப்போதோ கொடுத்தாயிற்று. இன்கட்டி என்றால் அச்சுவெல்லமும் இன்கட்டிதான், கற்கண்டும் இன்கட்டிதான். எனக்கு வழக்கு பர்பியோடுதான். துண்டு போட்டுத் தட்டில் வைத்தால் பர்பியும் ஃபட்ஜும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். கிண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் வேறுபாடு தெரியும்.

தேங்காய் பர்பியை அடுப்பில் வைத்தபடியே கிளறுகிறோம். ஓரம் வெளுத்துப் பூத்து வந்ததும் நெய் தடவிய தட்டில் கொட்டிவிடுகிறோம். ஃபட்ஜில் அடுப்பு வேலை பாதிதான். சீனி, பால், கொக்கோ மூன்றையும் உருட்டுப் பதம் வரை காய்ச்ச வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். இல்லாதவர்களுக்கு அதிரசப் பாகு பார்ப்பதுபோல் தண்ணீர்க் கிண்ணம். இறக்கி, மேலே வெண்ணெயைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். கலக்கக் கூடாது, சட்டியை நகர்த்தவும் கூடாது. ஏறக்குறைய 43 டிகிரிக்கு ஆறிய பிறகு மரக்கரண்டியால் விடாமல் கடைய வேண்டும்.

ஏன் இந்தக் காத்திருப்பு? இறக்கும்போது பாகில் தண்ணீரை விடச் சீனி பல மடங்கு. ஆற ஆற அது அதிதெவிட்டிய கரைசலாகிறது, அதாவது அந்தச் சூட்டில் கரையக்கூடிய அளவுக்கு மேலேயே சீனி கரைந்து நிற்கிறது. (பாடநூல் சொல்தான். இனிப்புக்கு இதைவிடப் பொருத்தமாக வாய்க்காது!) சூட்டிலேயே கிளறினால் முதலில் பிறக்கிற சில படிகங்கள் இருக்கிற சீனியையெல்லாம் இழுத்துக்கொண்டு பெரிதாகிவிடும், நாக்கில் மணல் நெருடும். ஆறவிட்டுக் கடைந்தால் எண்ணற்ற படிகங்கள் ஒரே நேரத்தில் பிறக்கும். எதற்கும் வளர இடமிருக்காது. ஃபட்ஜின் வழுவழுப்பு அங்கேதான் வருகிறது.

எங்கள் அப்பத்தா நோட்டில் இதற்குப் பெயர் 'கொக்கோ மிட்டாய்'. ஐயா மலேயாவிலிருந்து கொக்கோ டின் கொண்டுவந்த காலத்துக் குறிப்பு. சீனி மூன்று தம்ளர், பால் ஒன்றரை, கொக்கோ முக்காலுக்குக் கொஞ்சம் குறைய, வெண்ணெய் கால், உப்பு ஒரு சிட்டிகை. அதற்குக் கீழே பென்சிலில்: "தண்ணியில விட்டா உருளணும். எறக்கி வச்சுத் தொடப்படாது. சட்டி அடி கை பொறுக்குற சூட்டுல கடையவும். மினுமினுப்புப் போனதும் கொட்டவும்." தெர்மாமீட்டர் காட்டும் 43 டிகிரியும் கை பொறுக்கும் சூடும் ஒன்றுதான். கடைசி வரியும் முக்கியம்: கடையக் கடையக் கண்ணாடி மாதிரி இருந்த பாகு திடீரென்று மங்கி, கரண்டி கனக்கும். அந்த நொடியில் தட்டில் கொட்டாவிட்டால் சட்டியிலேயே இறுகிவிடும். சித்திரை வெயிலில் ஆறுவதற்கு வெகுநேரமாகும் என்பதால் இறக்கும்போதே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

அப்பத்தா 'கிண்டவும்' என்று எழுதவில்லை, 'கடையவும்' என்றுதான் எழுதியிருக்கிறார். கீரையையும் பருப்பையும் இறக்கி வைத்துத்தானே கடைகிறோம். ஆகவே என் முன்மொழிவு: கடைபாகு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஒற்று மிகாது.

– காரைக்குடியிலிருந்து

*

ஆச்சி, வணக்கம்.

விளக்கம் அருமை. ஆனால் நான் தேவகோட்டையில் பலகாரக் கடை வைத்திருப்பவன். 'கடைபாகு' என்று அட்டை எழுதி வைத்தால், வருகிறவர் நடுவில் ஒரு 'ப்' போட்டுக் 'கடைப்பாகு' என்றுதான் படிப்பார். "வீட்டுப் பாகு இல்லையா?" என்பார். வினைத்தொகையைக் கல்லாவில் உட்கார்ந்து விளக்க முடியாது. அதுவும் போக, பாகு என்றால் ஊற்றுகிற பொருள். துண்டு போடுகிற பொருளைப் பாகு என்பதா?

வேறொன்று. ஆங்கிலத்தில் ஃபட்ஜ் என்றால் சொதப்புவது என்றும் பொருள். கேரமல் செய்யப்போய்க் கெட்டுப்போனதுதான் ஃபட்ஜ், அதனால்தான் அந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டல்லவா? அதன்படி 'சொதப்பல்' என்றே வைத்துவிடலாம். கால் கிலோ சொதப்பல் கேட்டு வருவார்கள்.

*

தம்பி,

'சொதப்பல்' நன்றாக விற்கும், சந்தேகமில்லை. ஆனால் அது பின்னால் கட்டிய கதை மாதிரித்தான் இருக்கிறது. கிடைக்கிற பழைய சான்று அமெரிக்காவில் வாசர் கல்லூரி மாணவி ஒருவர் எழுதிய கடிதம்: 1886இல் பால்டிமோரில் ஃபட்ஜ் ஒரு பவுண்டு 40 சென்ட்டுக்கு விற்றது, 1888இல் கல்லூரி ஏலத்துக்குத் தாமே 30 பவுண்டு செய்தார் என்கிறது. அதில் கெட்டுப்போன கேரமல் எதுவும் இல்லை.

பாகு ஊற்றுகிற பொருள் என்கிறீர்கள். உங்கள் கண்ணாடிப் பெட்டியில் மைசூர்பாகு இருக்கிறதா, இல்லையா? கத்தி போட்டுத்தானே வெட்டுகிறீர்கள்? அதைக் கேட்டு வாங்குகிறவர் யாரும் தூக்குவாளி கொண்டுவருவதில்லை.

ஒற்றுப் பிரச்சினையை ஒத்துக்கொள்கிறேன். அட்டையில் 'சாக்லேட் கடைபாகு' என்று எழுதுங்கள். முன்னால் சாக்லேட் வந்துவிட்டால் யாருக்கும் கடைத்தெரு நினைவு வராது. நிலக்கடலை, முந்திரி போட்டதற்கும் அப்படியே பெயர் நீளும்.

கூடவே இன்னொன்றையும் முடித்துவிடலாம். படிகமாதலுக்குச் சமையல் குறிப்புகளில் 'பூத்தல்' போதும். பாகு பூத்துப்போச்சு என்றால் எல்லோருக்கும் புரியும். பாகில் எலுமிச்சைச் சாறு விடுவதும் பூக்காமல் இருக்கத்தான்: புளிப்பு சீனியில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும், அவை படிகம் சேர விடாது. ஃபட்ஜுக்கும் இரண்டு சொட்டு விடலாம். கூடினால் கடைந்து கை வலித்தாலும் இறுகாது.

டின் பாலில் சாக்லேட்டை உருக்கிக் கலந்து குளிர்பெட்டியில் வைக்கிறார்களே, அதையும் ஃபட்ஜ் என்கிறார்கள். அதில் பாகு பதமும் இல்லை, கடைவதும் இல்லை. சாக்லேட் இறுகுவதால் கட்டியாகிறது, அவ்வளவுதான். ருசிக்குக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கடைபாகுப் பதிவில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். 'சாக்லேட் கட்டி' என்று தனியாகப் போடுங்கள்.