காந்தம் ஒட்டாத பிளேட்

வானூர் பக்கத்து கல் உடைக்கும் கிரஷர் ஒன்றிலிருந்து எங்கள் சேதராப்பட்டு வெல்டிங் பட்டறைக்கு ஜா பிளேட் வந்தது; கல்லைக் கடித்து நொறுக்கும் தாடை அதுதான். பல் எல்லாம் மழுங்கி, நடுவில் குழி. ஜேசிபி பக்கெட் எத்தனை பில்டப் (தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்புவது) பண்ணியிருக்கோம், இது என்ன பிரமாதம்னு இறங்கிட்டேன். பக்கெட்டுக்குச் செய்வது போலவே கேஸ் வைத்து நன்றாகச் சூடேற்றி, சாதாரண இரும்புக்குப் போடும் 7018 வெல்டிங் ராடை அகல அகலமா ஆட்டி, சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தாமல் ஓட்டி, மேலே ஹார்ட்ஃபேசிங், அதாவது சீக்கிரம் தேயாத கெட்டி வெல்டிங். பார்க்க அம்சமாத்தான் இருந்தது.

மாட்டின இரண்டாம் நாள் போன். "அண்ணே, உங்க வெல்டிங் அப்படியே கையோட வந்துடுச்சு." போய்ப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓடு. அடியில் பிளேட்டின் சதையும் சேர்ந்து பிய்ந்திருந்தது.

ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன மாமா வந்தார். பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துப் பிளேட்டின் ஓரத்தில் வைத்தார். ஒட்டவில்லை. "மாப்ள, இது மாங்கனீஸ் ஸ்டீல். அடி வாங்க வாங்க இறுகும், சூடு பட்டா நொறுங்கும்."

அப்போதுதான் உறைத்தது. 260 டிகிரிக்கு மேல் நேரம் கழிந்தாலே இந்த இரும்பு பிஸ்கட்தான். ப்ரீஹீட் கூடாது. ஏற்கெனவே அடிபட்டு இறுகின மேல்தோலை கிரைண்டரில் எடுத்துவிட்டு, மாங்கனீஸ் ராடு இல்லையென்றால் 307 மாதிரி ஸ்டெயின்லெஸ் ராடு போட்டு, சின்னச் சின்னக் கோடா இழுக்கணும். அடுத்த பிளேட்டை அடிப்பாகம் தண்ணியில் நிற்க வைத்தே பில்டப் பண்ணினோம். மற்ற இரும்பில் இப்படிச் செய்தால் அடிக்க வருவார்கள்.

— — —

அண்ணே, கடலூரிலிருந்து. எனக்கு நேர் எதிர்க் கதை. ஒரு பக்கெட் லிப்புக்கு, மண்ணை வெட்டுற விளிம்புக்கு, குரோமியம் கார்பைட் ஹார்ட்ஃபேசிங் ராடு போட்டேன். ஆறும்போது டக் டக்னு சத்தம், குறுக்கே மயிரிழை விரிசல். வண்டி ஓனர் "வெடிச்சுப்போச்சு, காசு கிடையாது"ன்னு நின்னார். அந்த ராடு விரியத்தான் செய்யும், இறுக்கம் அப்படித்தான் தளரும், அடி இரும்புக்குள்ள இறங்காத வரைக்கும் பயமில்லைன்னு சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். மூணாவது லேயர் போடுங்கன்னு வேற கேட்டார். ரெண்டுக்கு மேல போனா பாளம் பாளமா உரியும், மறுத்துட்டேன்.

நெய்வேலியில நிலக்கரிக்கு மேல கிடக்கிற கடலூர் மணற்கல் இருக்கே, அது இரும்பை அரம் போட்டா மாதிரி தின்னும். அந்த மண்ணுக்கு வெல்டிங் கோடுகளை மண் ஓடுற திசைக்குக் குறுக்கே இடைவெளி விட்டுப் போடணும். இடுக்குல மண்ணு அடைச்சுக்கும், அப்புறம் மண்ணு மேல மண்ணு தேயும். பெரிய கல்லுன்னா கல்லு ஓடுற திசையிலேயே கோடு.

அண்ணே, அந்த முதல் பிளேட்டுக்குக் காசு வந்துச்சா?

— — —

எங்கே தம்பி. புது பிளேட்டில் பாதி விலை நான்தான் கொடுத்தேன்.