மருத்துவரின் பெயரில் வரும் கட்டுரையை எழுதித் தரலாமா?

நிலவன்: மருந்தியல் படித்துவிட்டு, மருத்துவமனைகளுக்கு நோயாளிக் கையேடுகளை ஃப்ரீலான்ஸ் முறையில் எழுதிக் கொடுத்து வருகிறேன். இப்போது ஓர் ஏஜென்சி, ஒரு மருந்தைப் பற்றி ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ரிவ்யூ கட்டுரை கேட்கிறது. மூத்த மருத்துவர் ஒருவரின் பெயரில் ஆய்விதழில் வருமாம். என் பெயர் எங்கும் இராது. ஊதியம் கையேட்டைவிடப் பல மடங்கு. ஏற்கலாமா?

குற்றாலன்: தாராளமாக ஏற்கலாம். புறநோயாளிப் பிரிவையும் அறுவை அரங்கையும் முடித்துவிட்டு இரவில் வீடு திரும்பும் மருத்துவரால் உட்கார்ந்து எழுத முடியாது. கருத்து அவருடையது, நடை நம்முடையது. அமைச்சரின் மேடைப்பேச்சை எழுதித் தருபவரை யாரும் குறை சொல்வதில்லையே.

சேலம் மலர்: மேடைப்பேச்சைக் கேட்டு யாரும் மாத்திரை விழுங்குவதில்லை, குற்றாலன் அவர்களே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரைகளை விற்ற வையத் நிறுவனம், டிசைன்ரைட் என்ற எழுத்து நிறுவனத்தைக் கொண்டு கட்டுரைகளைத் தயாரித்து, பேராசிரியர்களின் பெயரில் வெளிவரச் செய்த செய்தி 2009இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் வழியே அம்பலமானது. அம்மாத்திரைகளால் மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடுகிறது என்று கண்டு 2002இல் ஒரு பெரிய ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்; அதன் பிறகும் அத்தகைய கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன.

குற்றாலன்: வையத் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 26 விழுக்காடு என்று மட்டும் எழுதினால் வாசகர் நடுங்கிப்போவார். அதே ஆய்வின்படி, ஹார்மோன் மாத்திரை எடுக்காத பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்த நோய், எடுத்த பத்தாயிரம் பேரில் 38 பேருக்கு வந்தது. கூடுதல் எட்டுப் பேர். இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர் எழுதுவதால்தான் கட்டுரை தேறுகிறது. எழுதத் தெரியாத நிபுணரே எழுதட்டும் என்பது வாசகருக்குச் செய்யும் நன்மையா?

சேலம் மலர்: எட்டுப் பேர் என்றே சொல்லுங்கள், ஏற்கிறேன். எந்த எண்ணைச் சுருக்கத்தில் வைப்பது, எதை அட்டவணையின் அடிக்குறிப்புக்குத் தள்ளுவது என்று முடிவெடுப்பவர் யார் என்பதே என் கேள்வி. முன்பு ஓர் ஏஜென்சி எனக்கு அனுப்பிய வரைவில், வலியுறுத்த வேண்டிய செய்திகளும் மேற்கோள் காட்ட வேண்டிய ஆய்வுகளும் வரிசையாக நிரப்பப்பட்டிருந்தன. கட்டுரையாளர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் “பின்னர் முடிவு செய்யப்படும்” என்றிருந்தது. பெயரே முடிவாகாத மருத்துவரின் கருத்தை, ஐயா, நாம் எங்கிருந்து எடுத்து எழுதுவது?

குற்றாலன்: அப்படிப்பட்ட வேலையை நானும் தொடமாட்டேன். ஆனால் தரவைப் படித்து, வரைவைத் திருத்தி, பொறுப்பேற்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் நெறிமுறைகள் எழுத்து உதவியைத் தடை செய்யவில்லை. உதவியவரை நன்றியுரையில் குறிப்பிட வேண்டும் என்றே கேட்கின்றன. நிலவன் அதைக் கேட்டுப் பார்க்கட்டும். கேட்காமலேயே மறுத்துவிட்டு மாத வாடகைக்கு அல்லாட வேண்டியதில்லை.

சேலம் மலர்: கேட்பதானால், எழுத்துக்குப் பணம் தந்தவர் யார் என்பதும் அந்த நன்றியுரையில் இடம்பெற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், நிலவன். முதல் வரைவு எழுதுவதற்கு முன்பே அந்த மருத்துவரோடு ஒருமுறையாவது நேரில் பேசிவிடுங்கள். இவற்றில் எதற்கு ஏஜென்சி தயங்கினாலும், நான் கையேட்டு வேலைக்கே திரும்பிவிடுவேன்.