மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து நிமிடமாம்!

பல்லாவரத்தான்: நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "மாம்பலத்தில் இறங்கினால் ஆகாய நடைபாதை வழியாக ஐந்தே நிமிடத்தில் தி.நகர் பஸ் ஸ்டாண்டு. ரயிலில் இருந்து பஸ் மாற சென்னையில் இதைவிட நல்ல இடம் கிடையாது." படித்ததில் இருந்து எரிச்சல் தாங்கவில்லை. நடைபாதையின் நீளம் 570 மீட்டர். ஐந்து நிமிடத்தில் கடக்க மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்குப் பெயர் நடையா, ஓட்டமா?

மாம்பலம்வாசி: எழுதியது நான்தான். 2023 மே மாதம் திறந்ததில் இருந்து தினமும் போகிறேன். ஐந்து நிமிடம்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவுக்குள் மாட்டிக்கொண்டு நகர்ந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பல்லாவரத்தான்: ரங்கநாதன் தெருவைப் பற்றி யார் கேட்டது? ஐந்து நிமிடமா, இல்லையா? போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவருக்கு 68 வயது. பிளாட்பாரத்தில் இருந்து படியேறியதுமே மூச்சு வாங்கியது. பாதி வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கையில் மஞ்சப்பை, அதில் அக்காவுக்கு எடுத்த புடவை. அதை என்னிடம் கொடுக்கவும் மாட்டேன் என்கிறார். மெதுவாக இறங்கி வருவதற்குள் மயிலாப்பூர் போகும் 5பி கிளம்பிவிட்டது. 14 நிமிடம். கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன்.

மாம்பலம்வாசி: லிஃப்ட் எதற்கு வைத்திருக்கிறார்கள்? 4.2 மீட்டர் அகலப் பாதை, யாரும் இடிக்காமல் நடக்கலாம். உங்கள் அம்மா நின்றதற்கு நான் என்ன செய்ய?

பல்லாவரத்தான்: அம்மாவை இழுக்காதீர்கள்.

மாம்பலம்வாசி: இழுத்தது நீங்கள்.

பழைய பல்லவன்: இருவருக்கும் ஒரு திருத்தம். அது ஸ்டாண்டு இல்லை, டெர்மினஸ். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்த காலத்தில் இருந்து இந்த ஊர் பஸ்ஸில் போகிறவன் நான். சொல்லையாவது சரியாக எழுதுங்கள்.

பல்லாவரத்தான்: ஐயா, கண்டக்டரே "ஸ்டாண்டெல்லாம் இறங்கு" என்றுதான் கத்துகிறார். இப்போது நிமிடத்துக்கு வருவோம்.

வண்ணாரப்பேட்டை: உங்களுக்காவது நடைபாதை இருக்கிறது, அப்புறம் நிமிடக் கணக்கு. பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலையைக் கடந்து, வெயிலில் ப்ராட்வே வரை வந்து பாருங்கள். 2002இல் ப்ராட்வேயில் இருந்த வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போனதோடு எங்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பஸ் மாறுகிற இடம் என்றால் தி.நகர்தானா? வடசென்னை இந்த ஊரில் இல்லையா?

மாம்பலம்வாசி: அண்ணே, அதற்குத் தனியாக ஒரு இழை போடுங்கள்.

வண்ணாரப்பேட்டை: போட்டேன். அங்கே ஒருவரும் வரவில்லை. அங்கேயும் எங்களை மறந்த கதைதான்.

பல்லாவரத்தான்: போன மாதம் 29சி பஸ் பெசன்ட் நகர் போகாது என்று மூன்று நாள் சாதித்தது இதே மாம்பலம்வாசிதான். பெரம்பூரில் ஏறி பெசன்ட் நகரில் இறங்குகிற ஜனங்கள் எல்லாம் கனவா கண்டார்கள்? அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஐந்து நிமிடம். சும்மா நடந்தாலே ஏழெட்டு நிமிடம் ஆகும். படி ஏறுவது, இறங்குவது தனி. பையோடு, குழந்தையோடு, முட்டி வலியோடு வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். அவர்களை நம்பவைத்து ஐந்து நிமிடம் என்று எழுதுவது தப்பு.

மாம்பலம்வாசி: 29சி விஷயம் முடிந்து போனது. நான் அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். பல்லாவரத்தில் இருந்து வாரம் ஒருமுறை வருகிறவர் எனக்கு வழி சொல்ல வேண்டாம்.

பல்லாவரத்தான்: பிறந்து வளர்ந்தால் 570 மீட்டர் சுருங்கிவிடுமா? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். அம்மாவும் வருகிறார். நீங்களும் வாருங்கள், கூடவே நடப்போம்.

மாம்பலம்வாசி: ஞாயிறு கூட்டம் இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

பழைய பல்லவன்: டெர்மினஸ்.